மனுவை எழுதியவன் நான்

மறியலுக்கு எங்கள் தெருவிலிருந்து அம்மா வந்திருந்தாள், இட்லிக்கடை அக்கா வந்திருந்தார், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு நானும் வந்திருந்தேன். இன்னும் இருபது இருபத்தைந்து பெண்கள், ஆளுக்கொரு காலிக் குடத்தோடு. அப்பா வரவில்லை. கொத்தனார் வேலை; ஒரு நாள் போகாவிட்டால் மறுநாள் அந்தச் சாரத்தில் வேறு ஆள் நிற்பான். மாமாவும் வரவில்லை. அவருக்கு வேலையே இல்லை என்பதால் அதை நான் மன்னிக்கவில்லை.

மாமா, அம்மாவின் தம்பி. வளைகுடாவில் கட்டட வேலைக்குப் போனவர், சொன்ன காலத்துக்கு வெகு முன்பே ஒரே ஒரு பையோடு திரும்பிவிட்டார். ஏன் என்று வீட்டில் யாரும் என் காதுபடப் பேசவில்லை. தெருவில் நாலு பேர் சேர்ந்து நின்றால் அவர் மெல்ல உள்ளே போய்விடுவார்.

அடையாற்றில் கால்வாயை ஒட்டியது எங்கள் தெரு. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடையில் அடிபம்பில் உப்புத் தண்ணீர் வர ஆரம்பித்தது. தண்ணீர் லாரியோ மெயின் ரோட்டோடு திரும்பிவிடும். இட்லிக்கடை அக்கா பெண்களைக் கூட்டிச் சங்கம் வைத்தார். போர்டு கிடையாது, ரிஜிஸ்டர் கிடையாது. வியாபாரம் முடிந்ததும் அந்தக் கடை பெஞ்சுதான் சங்கம். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான், ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். மனு எழுதும் வேலை எனக்கு வந்தது. பெண்கள் கைநாட்டு வைத்த பிறகு, கடைசியில் ‘எழுதியது’ என்று போட்டு என் பெயரையும் வகுப்பையும் பிரிவையும் எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்தேன்.

மாமா அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

“இதுல ஒம் பேரு எங்க கீது?”

காட்டினேன்.

“அத்த அடிச்சிடுடா. எழுதினவன் யாருன்னுதான் மொதல்ல தேடுவாங்க.”

தேடட்டும் என்றுதான் நான் எழுதியதே. பொறாமை என்று நினைத்துக்கொண்டு மனுவைப் பிடுங்கிக்கொண்டேன்.

மூன்று முறை மனு கொடுத்தும் பதில் இல்லை. அதற்குப் பிறகுதான் மறியல். திருவான்மியூரிலிருந்து வந்த பஸ்கள் வரிசையாக நின்றன. “யம்மா, எனக்கு டூட்டி முடிஞ்சிச்சும்மா, எந்திரிங்க” என்று ஒரு கண்டக்டர் கெஞ்சினார். “எங்களுக்கு இப்பத்தான்யா டூட்டி ஆரம்பம்” என்றார் அக்கா. அரைமணியில் போலீஸ் வேன் வந்தது. பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஏதோ கோயிலுக்குக் கிளம்புவதுபோல் ஏறினார்கள். அக்கா ஜன்னலோரம் பிடித்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் என் மனுவை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

ஓடிப்போய் மாமாவிடம் பெருமையாகச் சொன்னேன்: “அம்மாவ அரெஸ்ட் பண்ணிட்டாங்க! என் மனு இன்ஸ்பெக்டர் கைல கீது!”

மாமா சட்டையை உள்புறம் வெளியே தெரிய மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினார். வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த அந்தப் பையை எடுத்து அதில் ஒரு லுங்கியை வைத்தார். “நான் வரலன்னா ஒன் நைனாகிட்ட சொல்லு, என்னத் தேட வாணான்னு” என்றார். என் தலையில் கை வைத்துவிட்டு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

பெண்களை வைத்திருந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். யாருடைய கல்யாணத்துக்கோ கட்டிய வாழைமரம் வாசலில் வாடிக்கொண்டிருந்தது. உள்ளே எல்லோரும் மின்விசிறிக்குக் கீழே எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மாமா அவர்களைப் பார்க்கவே இல்லை. நேராக இன்ஸ்பெக்டரிடம் போய்க் கைகட்டி நின்றார்.

“சார், மனு எழுதினது நான்தான். பையன் பேரு சும்மா போட்டது. என்ன வச்சிக்கினு எங்கக்காவ உட்ருங்க சார்.”

எனக்கு ரத்தம் கொதித்தது. “பொய் சார்! நான்தான் எழுதினேன்!” என்று கத்தினேன். மாமா என் வாயைப் பொத்தினார்.

இன்ஸ்பெக்டர் சலிப்போடு பார்த்தார். “யாரு எழுதினா எனக்கு இன்னாய்யா? வந்ததுக்கு இந்த லிஸ்ட்ல ஒரு கையெழுத்துப் போட்டுட்டு உக்காரு. பொட்டலம் மீதி கீது.”

மாமா கட்டைவிரலை நீட்டினார்.

“மனு எழுதின ஆளு கைநாட்டா!”

மண்டபமே சிரித்தது. “எங்க தம்பி வாயாலயே எழுதுவாரு சார்” என்றார் அக்கா. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் நான். அம்மா மட்டும் சிரிக்காமல் எழுந்து வந்து மாமாவின் கையைப் பிடித்தாள். “அஞ்சு மணிக்கு உட்ருவாங்கடா. இங்க அப்டிதான். வா, வந்து துன்னு. உப்பே போடல பாவிங்க.”

மாமா பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. ஐந்து மணிக்குக் கதவு திறந்ததும் அவர் வெளியே ஓரமாக நின்று, வருகிற பெண்களை விரல்விட்டு எண்ணினார். கடைசிப் பெண் வந்த பிறகும் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நடந்தார். என் பேரைத் திருடப் பார்த்தவர் என்று ஒரு மாதம் அவரோடு நான் பேசவில்லை.

அந்த வருடம் மழைக்கு முன்பே குழாய் வந்தது.

நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு அப்பா சொன்னார். வளைகுடாவில் மாமா இருந்த தொழிலாளர் முகாமிலும் தண்ணீர்தான் பிரச்சினை. மாமாவின் அறை நண்பர் ஒருவர் மனு எழுத, ஆறு பேர் கைநாட்டு வைத்தார்கள். அந்த நாட்டில் சங்கம் கூடாது, கூட்டம் கூடாது, கேட்பதே குற்றம். அன்று மாலையே போலீஸ் வந்து எழுதியவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் எங்கே என்று விசாரிக்கப் போன மற்றவர்களை ஊருக்கே திருப்பி விமானம் ஏற்றிவிட்டார்கள். நண்பர் என்ன ஆனார் என்பது மாமாவுக்கு இன்றுவரை தெரியாது. நம் ஊரிலும் தடியடி உண்டு, எல்லோருக்கும் மண்டபமும் மின்விசிறியும் கிடைப்பதில்லை என்பதையும் பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் அன்று மண்டபத்துக்குள் நுழைந்தபோது, அந்தக் கதவு சாயங்காலம் திறக்கும் என்று தெரியாத ஒரே ஆள் மாமாதான். தெரியாமல்தான் என் இடத்தில் வந்து நின்றிருக்கிறார்.

அங்கே கொடுத்த மனுவுக்காக மாமாவுக்குத் தராமல் பிடித்துக்கொண்ட சம்பளம் பதினேழு மாதத்தினுடையது. எங்கள் மனுக்களுக்கு, தாள், பஸ் டிக்கெட், வேனில் ஏறும்போது நசுங்கிய ஒரு பிளாஸ்டிக் குடம் எல்லாம் சேர்த்து, நாற்பத்தொரு ரூபாய் ஆயிற்று.