பிரிண்டருக்கு மட்டும்

சம்பந்தம் இறந்த செய்தியை என் மகள்தான் போனில் சொன்னாள். "அப்பா, உங்க பெர்மிஷன் அங்கிள் போயிட்டாராம்." நான் திருக்கழுக்குன்றம் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நேரத்துக்குப் போய் எனக்குப் பழக்கமில்லை.

செங்கல்பட்டில் எங்கள் பாலிடெக்னிக் அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு அவரைத் தெரியும். கம்ப்யூட்டர்கள் அவர் பொறுப்பு. நான் பத்தாவதை இரண்டு தவணையில் முடித்து, அட்டெண்டராகச் சேர்ந்து, கீபோர்டுக்கு வந்தவன்.

அங்கே மெஷின்களில் ஓடியது லினக்ஸ். அதில் பிரிண்டர், பிளாப்பி, ஹார்டு டிஸ்க் என ஒவ்வொன்றும் மெஷின் கணக்கில் ஒரு ஃபைல். எதை யார் தொடலாம் என்று சம்பந்தம் தனித்தனியாக அனுமதி வைத்திருப்பார். நான் கோபித்துக்கொண்டால், "நீ நல்லவன்தாம்பா, உன் வெரலத்தான் நம்ப முடியல" என்பார்.

ஒருமுறை லீவில் போகும்போது, எந்த அனுமதியையும் மாற்றக்கூடிய ரூட் பாஸ்வேர்டை அவசரத்துக்கென்று ஒரு கவரில் போட்டு ஒட்டி என்னிடம் கொடுத்தார். மறுநாளே ஹால் டிக்கெட் அடிக்க வேண்டியிருந்தது. புதுப் பிரிண்டர் என்னை ஏற்கவில்லை. கவரைப் பிரித்தேன். என் பெயரைப் பிரிண்டர் குழுவில் சேர்த்திருந்தால் போதும். அது எனக்குத் தெரியாது. சாதனங்கள் அத்தனையையும் எல்லோரும் எழுதலாம் என்று திறந்துவிட்டேன். ஹால் டிக்கெட் வந்தது. பெருமையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து, பிளாப்பிக்குப் போக வேண்டிய நகலை ஹார்டு டிஸ்க்குக்கு அனுப்பினேன். முன்பென்றால் மெஷினே மறுத்திருக்கும். இப்போது மறுக்கவில்லை. மூன்றாமாண்டு இன்டர்னல் மார்க் மொத்தமும் போனது. என் வேலையும் போயிருக்கும்.

லீவை முறித்துக்கொண்டு வந்த சம்பந்தம் பிரின்சிபாலிடம், "இவரு பேர பிரிண்டர்ல சேக்காம போனது நான் சார். கவர் குடுத்ததும் நான்" என்றார். வெளியே வந்ததும், "இன்னா அண்ணாத்த, ஒரு கதவு ஒட்டிக்கினு இருந்தா தெருவையே தெறந்து வுடுவியா?" என்றார். நான்கு நாள் நான் ரிஜிஸ்டரைப் பார்த்து வாசிக்க, அவர் டைப் அடித்தார். பிறகு பிரிண்டரில் என் பெயரைச் சேர்த்தார்.

"பிளாப்பி?"

"ஆறு மாசம் போவட்டும்."

சரியாக ஆறு மாதத்தில் சேர்த்தார். நான் கேட்கவில்லை.

போன மாதம் மகள் வீட்டில் புதுக் கம்ப்யூட்டர் வைத்துவிட்டு, "பாஸ்வேர்டு உங்களுக்கும் சொல்லட்டாப்பா?" என்றாள்.

"வேணாம்மா. எனக்குப் பிரிண்டர் மட்டும் குடு."

அவரிடமிருந்து என்னிடம் தங்கியது அவ்வளவுதான். எனக்கு அது போதுமானதாக இருக்கிறது.