எம்புட்டு, அம்புட்டு, இம்புட்டு

மதுரை கே.கே. நகரில் ஒரு பல் மருத்துவரின் மாடியறையில் நாங்கள் நான்கு பேர், பழைய கணினிகளில் ஓடக்கூடிய ஓர் இயங்குதளத்தை எழுதிக்கொண்டிருந்தோம். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திறந்து பார்க்கலாம், மாற்றலாம். கீழே அவர் பல் பிடுங்குவார், மேலே நாங்கள் பிழை பிடுங்குவோம். மரத்துப்போக ஊசி அவரிடம் மட்டும்தான் இருந்தது. கப்பலூர்த் தொழிற்பேட்டையில் வேலை பார்த்த ஒருவர் தனியாக இதே காரியத்தைச் செய்துகொண்டிருப்பது தாமதமாகத்தான் தெரிந்தது. இரண்டையும் இணைக்க முடிவு செய்தோம்.

என்னோடு படித்த வக்கீல் ஒரு நிபந்தனை போட்டான். ஒவ்வொரு கோப்பையும் எழுதியவர், 'இது என் சொந்த எழுத்து, வேறு யாருக்கும் உரிமையில்லை' என்று கையெழுத்திட வேண்டும்.

என் கோப்பு, கேட்கிற நிரலுக்கெல்லாம் நினைவகத்தைப் பிரித்துக் கொடுப்பது. இரண்டு வருட உழைப்பு. உலகத்துக்கு நான் விட்டுப்போகும் ஒரே உருப்படி என்று நம்பியிருந்தேன். கேட்ட அளவுக்கு எம்புட்டு, இருப்புக்கு அம்புட்டு, கொடுத்ததற்கு இம்புட்டு என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்திருந்தேன்.

"பாரு மாப்ள, என்னையத் தவிர எவன் இப்படிப் பேரு வைப்பான்?" என்று வக்கீலிடம் காட்டினேன்.

"எவனும் வைக்க மாட்டான். ஆபீஸ்ல எழுதுனதுக்கு என்ன பேரு வச்ச?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன். ஆபீஸிலும் இதே பெயர்கள்தான். பகலில் சம்பளத்துக்கு எழுதியதும் மாலையில் ஆசைக்கு எழுதியதும் ஒரே மண்டைக்குள் கலந்து கிடந்தன.

"சேரும்போது கையெழுத்துப் போட்டியே, அதப் படிச்சியா?"

"கல்யாணப் பத்திரிகையிலயே சாப்பாடு எத்தன மணிக்குன்னு மட்டுந்தான் பாப்பேன்."

"வேலையில இருக்கையில நீ எழுதுறதெல்லாம் கம்பெனிக்குத்தான்னு அதுல இருக்கும். தூக்கு அந்தக் கோப்ப."

தூக்கினேன். எங்கள் தொகுப்பிலிருந்து அழிக்கும் பொத்தானை நானே அழுத்தினேன்; வீட்டில் ஒரு பிரதி மட்டும் மிஞ்சியது. அதைப் பார்த்தே இராத கப்பலூர்க்காரர் புதிதாக எழுதுவது என்று ஏற்பாடு. அது என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் நான் சொல்லலாம். எப்படி என்பதைச் சொல்லக் கூடாது; சொன்னால் அதுவும் கம்பெனிச் சொத்தாகிவிடுமாம். மதுரைக்காரனிடம் வழி கேட்டால், போகும் வழியில் எங்கே பரோட்டா நல்லா இருக்கும் என்பதுவரை சொல்லித்தான் பழக்கம். டீக்கடையில் அவரிடம் நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் வக்கீல் பெஞ்சுக்கடியில் என் காலை மிதித்தான்.

"அண்ணே, கேட்ட அளவு இல்லேன்னா என்ன செய்யணும்?"

"இல்லேன்னு சொல்லணும். நான் என்ன செஞ்சேன்னா..." மிதி.

ஒரு மாதத்தில் முடித்துவிட்டார். இணைத்த இயங்குதளம் முதல் தடவையிலேயே எழுந்து நின்றது. மாடியறையே கத்தியது, நானும் கத்தினேன். அவர் கோப்பு என்னுடையதில் பாதி நீளம். வேகம் இரண்டு மடங்கு.

இன்றைக்கும் எங்கே பார்த்தாலும் அவர் கேட்பார்: "அண்ணே, ஒங்க கோப்ப ஒரே ஒரு தடவ காட்டுங்கண்ணே. நீங்க எம்புட்டு அருமையா எழுதிருப்பீங்க!"

"சட்டம் இடங்கொடுக்காது தம்பி," என்று பெருமூச்சு விடுவேன். சட்டத்துக்கு நான் மனதார நன்றி சொல்வது அந்த ஒரு நேரம்தான்.