டாக்டரம்மாவின் குறிப்புக் கட்டம்

இந்த வருடம் பனி கொஞ்சம் முந்திக்கொண்டது. பரணில் கிடந்த ரூம் ஹீட்டரை நேற்று சாயங்காலம் இறக்கிச் சொருகினேன். ஒரு வருடத் தூசி கருகும் வாசனை, பெர்ன்ஹில் வீட்டின் இந்தச் சின்ன அறை முழுக்கப் பரவியது. வீட்டுக்காரர் ஜன்னலைத் திறக்கச் சொன்னார். நான் கேட்காத மாதிரி உட்கார்ந்திருந்தேன். சிரிக்காதீர்கள், எனக்கு அந்த வாசனை பிடிக்கும். பழைய டப்பா மானிட்டர் சூடேறும்போது இப்படித்தான் மணக்கும். அதோடு கொஞ்சம் டெட்டாலும், பக்கத்து ஃபேக்டரியில் தேயிலைக் கொழுந்து வாடும் பச்சை மணமும் சேர்ந்துவிட்டால் எனக்கு இருபத்திரண்டு வயதாகிவிடும்.

அந்த வயதில்தான் காரமடையிலிருந்து மலையேறி வந்து, கட்டபெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு கிளார்க்காகச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். எட்டுக் கட்டில், தகரக் கூரை, மழை பெய்தால் ஒருவர் சொல்வது இன்னொருவருக்குக் கேட்காது. எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று அப்பா மேனேஜரிடம் சொல்லிவைத்திருந்தார். மேட்டுப்பாளையத்தில் மூன்று மாதம் படித்திருந்தேன். அதில் ஒரு மாதம் கரண்ட் இல்லை.

நான் போன அதே மாதம் புதுக் கம்ப்யூட்டரும் வந்து இறங்கியது. பழையது மூலையில் இருந்தது. கோயமுத்தூரில் யாரோ எழுதிக்கொடுத்த நோயாளிப் பதிவு மென்பொருள் அதில் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம்: பெயர், வயது, தொழிலாளர் வரிசை வீடுகளில் எந்த லைன், என்ன நோய். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு பெரிய கட்டம், அது மட்டும் தமிழில். எனக்கு முன்னால் இருபது வருடம் அங்கே டாக்டராக இருந்த அம்மா அந்தக் கட்டத்தை நிரப்பியிருந்தார். நான் அவரைப் பார்த்ததில்லை. ஓய்வு பெற்று நாகர்கோவில் பக்கம் சொந்த ஊருக்குப் போனவர், போன ஆறே மாதத்தில் இறந்துவிட்டாராம். எல்லோரும் அவரை டாக்டரம்மா என்றுதான் சொன்னார்கள்.

பழையதில் உள்ளதைப் புதியதற்கு மாற்ற கோயமுத்தூரிலிருந்து ஓர் இன்ஜினீயர் வந்தார். மாற்றினார். பெயரும் வயதும் எண்களும் ஒழுங்காக வந்தன. குறிப்புக் கட்டத்தில் மட்டும் தமிழ் இல்லை. தலையில் கூரை போட்ட எழுத்து, காலில் வால் வைத்த எழுத்து, நடுநடுவே கேள்விக்குறி, பவுண்டு குறி. அந்தத் தமிழ் எழுத்து அந்தப் பழைய மென்பொருளுக்கு மட்டுமே புரியும், அந்த மென்பொருளோ புதுக் கம்ப்யூட்டரில் ஓடாது, எழுதிக்கொடுத்தவர் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார் என்று இன்ஜினீயர் விளக்கினார். மூன்று நாள் முயன்று பார்த்தார். பிறகு, முக்கியமானதெல்லாம் வந்துவிட்டது, குறிப்புதானே என்று சொல்லி மதிய பஸ்ஸில் மலையிறங்கிப் போனார். மாதக் கடைசியில் பழையதைக் காயலான் கடைக்கு அனுப்பச் சொல்லி ஆபீசிலிருந்து கடிதம் வந்தது.

அதுவரைக்கும் ஒவ்வொரு பக்கமாகப் பழையதில் திறந்து பார்த்துப் புதியதில் தட்டச்சு செய்யும்படி புது டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். அவர் சின்ன வயசுக்காரர், சேலத்துப் பக்கம், எல்லாவற்றிலும் அவசரம். முடிந்தவரை செய்யுங்க, முடியாததை விட்டுடுங்க என்றார். போனில் படம் எடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். என் போனில் அப்போது டார்ச் மட்டும்தான் இருந்தது. பழைய பிரிண்டரும் ரிப்பன் கிடைக்காமல் படுத்துவிட்டது.

சலிப்போடுதான் ஆரம்பித்தேன். முதல் லைன், முதல் வீடு, வள்ளியம்மா. 'ரத்த அழுத்தம். காது கேட்காது என்பார். மருமகள் பேசும்போது மட்டும்தான் கேட்காது.' சத்தமாகச் சிரித்துவிட்டேன். அடுத்த வீட்டுக்காரர், 'சிலோனிலிருந்து கப்பலில் வந்தபோது ஆறு வயது. பிறந்த தேதி தெரியாது. அடைமழையில் பிறந்ததாக அம்மா சொன்னதுண்டு. மாத்திரையைப் பாதியாக உடைத்து மனைவிக்கும் கொடுத்துவிடுவார். இருவருக்கும் தனித்தனியாகக் கொடுக்கவும்.'

அதற்குப் பிறகு என்னால் வேகமாகத் தட்டச்சு செய்ய முடியவில்லை. தினமும் கொழுந்துக் கூடையோடு ஜன்னலைத் தாண்டிப் போகிறவர்கள்தான். முகம் தெரியும், பெயர்கூடச் சரியாகத் தெரியாது. திரையில் அவர்களைப் படித்துவிட்டு வெளியே பார்த்தால், அதே ஆள் மேட்டில் ஏறிக்கொண்டிருப்பார். ஒருவருக்கு இரண்டு வரி, மூன்று வரி, அவ்வளவுதான். ஒருவர் விடாமல் இப்படிப் பார்க்க ஒருத்தியால் எப்படி முடிந்தது என்று எனக்கு ஒரு பிரமிப்பு. கூடலூர்க்காரியான ரோசம்மா சிஸ்டரிடம் கேட்டேன். டாக்டரம்மா மருந்து எழுதிய பிறகும் ஆளைப் போகவிட மாட்டாராம். சும்மா பேச வைப்பாராம். அந்த ஆள் படி இறங்கின பிறகு ஒற்றை விரலால் தட்டுவாராம்.

ஆடி மாதத்தில் ஒரு மதியம், நல்ல சாரல். ஃபேக்டரியில் வேலை செய்யும் செல்லையாவை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காலில் பட்ட வெட்டுக்காயம் சீழ்பிடித்து, காய்ச்சல் ஏறி, பிதற்றிக்கொண்டிருந்தார். மனைவி இல்லை, மகன் திருப்பூரில். டாக்டர் பென்சிலின் எடுக்கச் சொன்னார். முதலில் கொஞ்சமாகப் போட்டுப் பார்ப்பதுதான் வழக்கம். புதுக் கம்ப்யூட்டரில் பார்த்தேன். ஒவ்வாமை என்ற கட்டம் காலி. குறிப்பில் அதே கூரையும் வாலும், ஆனால் நாலு வரிக்கு இருந்தது. செல்லையா ஐந்தாவது லைன். நான் இன்னும் மூன்றாவதைத் தாண்டவில்லை.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. "டாக்டர், பழைய மிசின்ல பாத்துட்டு வந்தறேனுங்க. அஞ்சே நிமிசமுங்க" என்றேன். அவர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். "சீக்கிரம்" என்றார்.

அந்த மிசினுக்குச் சீக்கிரம் என்பதே தெரியாது. கறுப்புத் திரையில் எண்கள் ஓடி, ஒரு முறை நின்று, மறுபடி முனகியது. சிஸ்டர் கதவில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பெயரைத் தட்டினேன். வரிகள் தமிழில் வந்தன.

'பென்சிலின் ஆகாது. பரிசோதனை ஊசிக்கே மூச்சு நின்று, பெரும்பாடுபட்டுப் பிழைத்தார். கேட்டால் ஒன்றுமில்லை என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டுவார். நம்ப வேண்டாம்.'

ஓடிப்போய்ச் சொன்னேன். டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, தானே மூலை அறைக்கு வந்து அந்த நாலு வரியையும் படித்தார். வேறு மருந்து ஏற்றினார்கள். மூன்றாம் நாள் செல்லையா எழுந்து உட்கார்ந்து, கஞ்சியில் உப்பில்லை என்று குறை சொன்னார். எனக்கு அழுகையாக வந்தது. உப்பு எடுத்துவருகிற சாக்கில் வெளியே போய்விட்டேன்.

டாக்டர் ஆபீசுக்குக் கடிதம் எழுதினார். இது ஓடும்வரை ஓடட்டும், யாரும் கை வைக்கக்கூடாது. அதற்குப் பிறகு மூன்று வருடம் மேசையில் இரண்டு கம்ப்யூட்டரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. புதியது இரண்டு முறை மாறியது. ஒவ்வொரு முறையும் புது இன்ஜினீயர் வந்து இதை என்னமோ அருங்காட்சியகப் பொருள் மாதிரி பார்ப்பார். நான் முன்னால் போய் நின்றுகொள்வேன். டாக்டரும் அவசரத்தை விட்டுவிட்டார். யார் வந்தாலும், அம்மா என்ன எழுதியிருக்காங்க பாருங்க என்பார்.

தினமும் கொஞ்சம் தட்டச்சு செய்தேன். இன்னும் வேகமாகச் செய்திருக்கலாம். உண்மையைச் சொன்னால், முடிந்துவிடக்கூடாது என்றுதான் மெதுவாகச் செய்தேன். ஆறு லைன் முடிந்திருந்தபோது ஒரு சித்திரை மாதத்து இடி இறங்கியது. ஆஸ்பத்திரியில் பல்பெல்லாம் வெடித்தது. பழைய மிசினிலிருந்து கொஞ்சம் புகை வந்தது, அதோடு சரி. உள்ளேயிருந்த ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிக் கோயமுத்தூர் வரை கொண்டுபோய்க் காட்டினார் டாக்டர். அதிலிருந்து ஒன்றையும் எடுக்க முடியவில்லை.

விஷயம் எப்படியோ பரவியது. இரண்டு நாள் கழித்து, ஏழாவது லைன் பாக்கியம், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு முடிந்த கையோடு வந்து ஜன்னல் ஓரம் நின்றார். சின்னப் பிள்ளையாகச் சிலோனிலிருந்து வந்தவர். லைன் என்று சொல்ல மாட்டார், லயம் என்பார்.

"எங்க லயத்துக்காரங்கள பத்தி அம்மா எழுதினது எல்லாம் போச்சாம்ல, புள்ள?"

ஆமாங்க என்றேன். நான் மெதுவாகச் செய்ததால்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

கூடைக் கயிற்றைத் திருகிக்கொண்டே கேட்டார். "நா ஒருக்கா அவங்களோட சண்ட புடிச்சிருக்கேன். அதையும் எழுதியிருப்பாங்களோ?"

தெரியலீங்க என்றேன். என்ன சண்டை என்று கேட்டதற்கு அவர் சொல்லவில்லை. "எழுதியிருப்பாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மேட்டில் ஏறினார்.

இப்போது அந்த ஆஸ்பத்திரி இல்லை. எட்டுக் கட்டில் போட்டிருந்த இடத்தில் ஏலம் போடாத சாமான்கள் கிடக்கின்றன. காய்ச்சல் வந்தால் கோத்தகிரிக்கு ஜீப் பிடிக்கிறார்கள். பாக்கியம் போன மழைக்காலத்தில் தவறிவிட்டதாக ரோசம்மா சிஸ்டர் போனில் சொன்னார். பாக்கியத்தைப் பற்றி டாக்டரம்மாவுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது, இரண்டோ மூன்றோ வரியில். அது என்ன என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.