பெரட்டுல பதில் சொன்னவ

அந்தக் காட்டு வீட்டுல இருக்கப் பயமா இல்லையான்னு கேட்டீங்கள்ல அண்ணே, மொதல்லயே சொல்லிடுறேன், பேய் பிசாசு எல்லாம் நான் நம்புற ஆளே இல்ல. சொந்தக்காரங்க யாராச்சும் அந்தப் பேச்சை எடுத்தாக்கூட, போய் வேலையைப் பாருலான்னு வெரட்டி விடுறவ நான். நீங்க சிரிக்கிறது தெரியுது. சிரிங்க, ஆனா முழுசாக் கேட்டுட்டுச் சிரிங்க.

நானும் வீட்டுக்காரரும் ஈப்போ டவுன்ல, சிலிபின் பக்கம்தான் இருந்தோம். அவரு வேலை பார்த்த கம்பெனியை மூடிட்டாங்க, இருந்த வீட்டையும் காலி பண்ண வேண்டியதாப் போச்சு. அப்பதான் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அந்தாண்ட ஒரு பழைய ரப்பர் தோட்டத்துல ஆடும் எலுமிச்சையும் பார்த்துக்கக் குடும்பம் வேணும், தங்க வீடு உண்டுன்னு கேள்விப்பட்டுப் போனோம். ரப்பர் மரத்தை எல்லாம் வெட்டிச் சாய்ச்சு எவ்வளவோ காலம் ஆச்சு. இப்ப சுத்திலும் எண்ணெய் எடுக்குற செம்பனை மரம், நடுவுல எங்க வீடு ஒண்ணுதான். மனுஷ முகத்தைப் பார்க்கணும்னா மோட்டார் சைக்கிளை எடுத்துக்கிட்டு இந்தப் பாசார் சந்தைக்குத்தான் வரணும்.

மொதலாளி ஆஸ்திரேலியாவுல இருக்காரு. நம்ம ஆளுதான், அவங்க அப்பா அதே தோட்டத்துல கணக்கெழுதுற கிராணியா இருந்தவராம். அந்தக் காலத்துல விடிகாலையில ஆளுங்களை வரிசையா நிக்க வச்சு பேரு கூப்பிடுவாங்கள்ல, பெரட்டு, அதை இவரு விடல. தினம் காலையில நாங்க வாய்ஸ் மெசேஜ்ல பெரட்டு எடுத்து அனுப்பணும். பேரைக் கூப்பிட்டு, அந்த ஆளே வாயைத் தொறந்து பதில் சொல்லி, இன்னிக்கு என்ன வேலைன்னும் சொல்லணும். இருக்குறது ரெண்டே பேரு, அதுக்கு ஒரு பெரட்டு. மாணிக்கம்னு நான் கூப்பிட்டா அவரு இருக்கேம்பாரு. அப்புறம் சரசுன்னு என்னை நானே கூப்பிட்டு, இருக்கேன்னு நானே சொல்லிக்கணும். அந்த ஊருல பெரிய மனநல ஆஸ்பத்திரி வேற இருக்கு, யாராச்சும் பார்த்தா நேரா அங்க கொண்டு போயிருப்பாங்க.

போன மழைக்காலத்துல வீட்டுக்காரரு மோட்டார்ல வழுக்கி விழுந்து காலை ஒடைச்சுக்கிட்டாரு. ஈப்போ ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டு, அவங்க அக்கா வீட்டுல படுக்க வச்சோம். மொதலாளி போன் பண்ணாரு. கோவமா எல்லாம் பேசல. "ஒரு பொம்பளையால தனியா முடியாதும்மா, நான் வேற குடும்பத்தைப் பார்க்குறேன்"னாரு.  கால் ஒடைஞ்சவரைக் கூட்டிக்கிட்டு எங்க போறது? என்னால முடியும் பாஸ், கொஞ்ச நாள் பாருங்கன்னு சொல்லிட்டேன்.

மறுநாள் காலையில ஆட்டுக் கொட்டகை முன்னால நின்னு பெரட்டு எடுத்தேன். சரசு, இருக்கேன், தழை வெட்டணும். அவ்வளவுதான், அனுப்பிட்டு வேலைக்குப் போயிட்டேன். மத்தியானம் மொதலாளிகிட்ட இருந்து பதில் வருது. "தொணைக்கு ஒரு ஆளைச் சேர்த்துக்கிட்டியே, நல்லதும்மா. அப்ப வேற குடும்பம் வேணாம்."

ஒண்ணும் புரியல. நான் அனுப்புனதையே போட்டுக் கேட்டேன். நான் இருக்கேன்னு சொல்லி முடிச்சதும், கொஞ்சம் தள்ளி நின்னு பேசுற மாதிரி ஒரு பொம்பளைக் குரல். "வந்துட்டேன்." நம்புனா நம்புங்க, நம்பாட்டி விடுங்க, போன் நழுவி ஆட்டுத் தொட்டியில விழப் பார்த்துச்சு. செம்பனைக்குள்ள யாராச்சும் வேலைக்கு வந்திருக்காங்களான்னு போய்ப் பார்த்தேன், ஒரு ஈ காக்கா இல்ல. அடுத்த நாள் வீட்டுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு எடுத்தேன். அப்பவும் அதே வார்த்தைதான். லேசா மூச்சு வாங்குது, லேட்டாகி ஓடி வந்தவ மாதிரி.

பயந்து ஓடியிருக்கணும்ல? ஓடுனா வீடு போச்சு. அதோட இன்னொண்ணும் இருக்கு, நீங்க தப்பா நெனைச்சாலும் சரி. அங்க சாயங்காலம் ஆனா மழையும் தவளையும்தான். பேச ஆளில்லாம ஆட்டுக்கிட்டதான் பேசிக்கிட்டு இருந்தேன். வீட்டுக்காரருக்குப் போன் பண்ணா வலியில ரெண்டு வார்த்தை பேசுறதே பெருசு. அப்படி இருக்கையில யாரோ ஒருத்தி தெனமும், நான் கூப்பிடாமலே, வந்துட்டேங்குறா. வேலை ஒண்ணும் செய்யல, தழை வெட்டுனதும் நான்தான், புழுக்கை கூட்டுனதும் நான்தான். ஆனா அந்தக் குரலைப் போட்டுக் கேட்டாத்தான் எனக்கு அன்னிக்குக் கை கால் ஓடும். டீ கலக்குறப்ப சீனி போதுமான்னு வாய்விட்டுக் கேட்டிருக்கேன்லா, வெக்கத்தை விட்டுச் சொல்றேன்.

வீட்டுக்காரருக்குக் கட்டுப் பிரிக்கிற சமயத்துல மொதலாளி ஒரு நாள், "அந்த ஆளு பேரை நீ கூப்பிடுறதே இல்லையேம்மா. பேரு கூப்பிடாம என்ன பெரட்டு? நாளைக்கு ஒழுங்காக் கூப்பிடு"ன்னாரு.

பேருக்கு நான் எங்க போவேன்? வாய்க்கு வந்த பேரைச் சொல்லிக் கூப்பிடலாம், மனசு வரல. காலையில கொட்டகை முன்னால நின்னு, என் பேரை முடிச்சுட்டு, "உன் பேரு என்னம்மா? மொதலாளி கேக்குறாரு"ன்னேன். பதிலுக்கு இடம் விட்டு அனுப்புனேன், போட்டுக் கேட்டேன். என் குரல் இருக்கு, ஆடு கத்துறது இருக்கு, தகரத்துல தண்ணி சொட்டுறது இருக்கு. அவ இல்ல. எத்தனை தடவை போட்டாலும் இல்ல.

அப்பவே மொதலாளி போன் பண்ணாரு.  எடுத்த எடுப்புலயே, "இந்தப் பேரை உனக்கு யாரும்மா சொன்னா?"ன்னாரு. எந்தப் பேரு பாஸ், எனக்கு ஒண்ணுமே கேக்கலையேன்னேன். "எனக்குக் கேட்டுச்சு. சின்ன வயசுல எங்க அப்பா எடுத்த பெரட்டுல கேட்ட பேரும்மா அது"ன்னாரு. அழுதுக்கிட்டு இருந்தாரு. "இனிமே பெரட்டு வேணாம்மா. நீங்க ரெண்டு பேரும் இருக்குற வரைக்கும் அங்கயே இருங்க. யாரும் உங்களைக் கெளப்ப மாட்டாங்க." வச்சுட்டாரு.

வீட்டுக்காரரு வந்துட்டாரு, நொண்டி நொண்டி ஆட்டைப் பார்த்துக்குறாரு. வீடு நெலைச்சுருச்சு, அது சந்தோஷம்தான். அந்தப் பேரை மொதலாளிகிட்ட ரெண்டு மூணு தடவை கேட்டுப் பார்த்தேன், பேச்சை மாத்திடுறாரு. இன்னமும் சில நாள் காலையில வீட்டுக்காரருக்குத் தெரியாம போனை எடுத்துக்கிட்டுக் கொட்டகைப் பக்கம் போறேன். என் பேரைச் சொல்றேன், இருக்கேங்குறேன். அடுத்தது அவளைக் கூப்பிடணும். எங்கயோ இருக்குறவருக்கு அவ பேரு தெரியும், கூடவே நின்ன எனக்குத் தெரியல. என்னன்னு சொல்லிக் கூப்பிடுவேன், சொல்லுங்க.