ஆமென் சொல்லாத ஜெபம்

ஊரில் யாராவது படுத்துவிட்டார்கள் என்று காதில் விழுந்தால் போதும், ஆறுதல் அக்காவுக்குக் கால் தரையில் பாவாது. லாண்டரிக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். பின்னாலேயே சபையின் விசாரிப்புக் குழு, ஏழெட்டுப் பெண்கள். நோயாளி தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பி ஜெபிப்பார்கள். காலில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு கணக்கு வாத்தியார் இவர்கள் வருவதைப் பார்த்துக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாராம். அக்கா கதவுக்கு வெளியே நின்றே முழு ஜெபத்தையும் முடித்தாராம். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யாக இருக்காது.

ஆனாலும் குறை சொல்ல மனசு வராது. அக்கா வந்து போன வீட்டில் பாத்திரம் கழுவியிருக்கும். அழுக்குத் துணி கடைக்குப் போய், மறுநாள் மடிப்புக் கலையாமல் திரும்பி வரும். அதற்காகவே அந்த ஜெபத்தின் நீளத்தை ஊர் பொறுத்துக்கொண்டது.

அப்பேர்ப்பட்டவர் விசாரிக்கப் போகாத வீடு ஒன்று உண்டு. அது அடுத்த தெருவில் இருக்கும் கூடப்பிறந்த தங்கையின் வீடு.

எல்லாம் சபை இரண்டாக உடைந்ததில் வந்த வினை. ஏதோ பெரிய உபதேசத் தகராறு என்று நினைத்துவிட வேண்டாம். ஞாயிறு ஆராதனையை எட்டு மணிக்கு வைப்பதா, ஒன்பது மணிக்கு வைப்பதா என்பதுதான் சண்டை. இரண்டு தரப்பும் வசனம் காட்டின. கடைசியில் ஒன்பது மணிக்காரர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய், அதே தெருவில் ஒரு பழைய மரச்சாமான் கிடங்கில் தனியாகக் கூட ஆரம்பித்தார்கள். தங்கையின் கணவருக்குக் காலைத் தூக்கம் என்றால் உயிர். அவர் ஒன்பதுக்குப் போனார், தங்கையும் கூடப் போனாள். அக்கா எட்டிலேயே இருந்துவிட்டார்.

அடுத்த மாதமே அக்காவுக்குப் பித்தப்பையில் கல் எடுத்தார்கள். ஊரே வந்து பார்த்தது, தங்கை மட்டும் வரவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. மூன்று வருஷம் ஓடிவிட்டது.

போன வாரம் இஸ்திரிக்குப் போட்ட புடவையை வாங்கக் கடைக்கு வந்த மருந்துக்கடைக்காரி, அவள் ஒன்பது மணி சபை, சாதாரணமாகச் சொன்னாள்: "உங்க தங்கச்சிக்கு அடுத்த வாரம் வியாழக்கிழமை ஆபரேஷன். மார்புல கட்டி. சபையில எல்லாரையும் ஜெபிக்கச் சொன்னாங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

"தெரியாம என்ன," என்றார் அக்கா. தெரியாது. சட்டைக் காலர் கருகுகிற வாசனை வந்த பிறகுதான் கையில் இஸ்திரிப் பெட்டி இருப்பதே நினைவுக்கு வந்தது.

அன்று சாயங்காலம் தங்கையின் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தார். மறுநாளும் அதே கதை. "நான் கிடந்தப்ப எட்டிப் பார்க்காதவ வீட்டு வாசல்ல நான் எந்த முகத்தோட போய் நிக்கிறது?" என்று கணவரிடம் கேட்டார். கணவர் விவரமானவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அக்காவுக்கு ரோஷம் ஒரு பக்கம் இழுத்தது, பயம் ஒரு பக்கம் இழுத்தது. தங்கை செத்துப்போய்விட்டால் என்ன செய்வது என்று ஒரு நினைப்பு வந்து, அப்படி நினைத்ததற்காகவே உட்கார்ந்து அழுதார்.

அந்தச் சனிக்கிழமை இரண்டு சபைப் பாஸ்டர்களும் ஒருவழியாகக் கைகுலுக்கி, பள்ளிக்கூட ஹாலில் ஒரு ஐக்கிய ஜெபக்கூட்டம் வைத்தார்கள். வாசலில் ஆண்களுக்கு ஒரு டப்பா, பெண்களுக்கு ஒரு டப்பா, அவற்றுக்குள் எண் போட்ட சீட்டுகள். ஒரே எண் வந்த இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவருக்காக ஒருவர் வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். பெண்கள் பக்கத்து டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் மருந்துக்கடைக்காரி.

அவள் எடுத்துக் கொடுத்த சீட்டோடு அக்கா தன் எண்ணைத் தேடிப் போனார். எதிர் நாற்காலியில் தங்கை. இளைத்திருந்தாள்.

அக்கா விறுவிறுவென்று வாசலுக்குத் திரும்பி வந்தார். "இதை மாத்திக் குடு."

"ஆண்டவர் குடுத்த சீட்டு, அக்கா. அதுல நான் கை வைக்க முடியுமா?" என்றாள் மருந்துக்கடைக்காரி, இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகத்தோடு.

வேறு வழியில்லாமல் போய் உட்கார்ந்தார். ஹால் முழுக்க ஜெப இரைச்சல். அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். "பரலோகப் பிதாவே, உலக சமாதானத்துக்காக ஜெபிக்கிறேன். நாட்டை ஆளுகிறவர்களை ஆசீர்வதியும். மழையைத் தாரும். கடலில் பயணம் செய்கிற கப்பல்களை..."

"ஆண்டவரே," என்று எதிரிலிருந்து ஒரு குரல் வந்தது. "கப்பல் எல்லாம் பத்திரமா கரை சேரட்டும். எதிர்ல ஒருத்தி உட்கார்ந்திருக்கா, அதையும் இவங்க கண்ணுக்குக் காட்டும்."

பேச்சை நிறுத்திய தங்கையோடு அக்கா பேசக்கூடாதுதான். ஆனால் ஆண்டவரோடு பேச என்ன தடை? எதிரில் இருப்பவள் காதில் விழுந்தால் அதற்கு அக்கா பொறுப்பில்லை. வேதத் தமிழ் கழன்று விழுந்து வீட்டுத் தமிழ் வெளியே வந்தது.

"என் கண்ணு நல்லாத்தான் தெரியுது ஆண்டவரே. ஆஸ்பத்திரியில கிடந்தப்பவும் நல்லாத் தெரிஞ்சது. யார் வந்தாங்க, யார் வரலன்னு வாசலையே பார்த்துட்டுக் கிடந்தேன்."

"நான் வந்தேன். உமக்குத் தெரியும்."

"பொய் பேசுற நாவை மன்னியும் ஆண்டவரே."

"ரெண்டாவது மாடி, ஜன்னல் ஓரக் கட்டில். இவங்க குழு கட்டிலைச் சுத்தி நின்னு பாடிட்டு இருந்தாங்க. நான் கதவுகிட்டயே நின்னேன். ஒருத்தி திரும்பிப் பார்த்து, ஒன்பது மணி ஆளுக்கு இங்க என்ன வேலைன்னு கேட்டா. வாங்கிட்டு வந்த ஆரஞ்சை நர்ஸ் கையில குடுத்துட்டு, படிக்கட்டுல உட்கார்ந்து அழுதுட்டுப் போனேன்."

அந்த ஆரஞ்சு அவருக்கு நன்றாக நினைவிருந்தது. யார் கொடுத்தது என்று கேட்காமல், குழுவுக்கெல்லாம் உரித்துப் பங்கு வைத்து, ஆண்டவர் அனுப்பியது என்று சாட்சி வேறு சொல்லியிருந்தார்.

"ஆண்டவரே," என்றார். "அந்தப் பழத்தை நான் சாப்பிட்டேன். இனிப்பா இருந்துச்சு. நான் ஒரு மடச்சி."

"அதை நான் சொல்லக்கூடாது ஆண்டவரே. அவங்களே சொல்லிட்டாங்க."

பாஸ்டர் மணியடித்தார். எல்லோரும் ஆமென் சொல்லிவிட்டு டீக்குப் போனார்கள். இவர்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை. ஆமென் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும், மறுபடி எங்கே பிடித்து ஆரம்பிப்பது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. அதனால் அக்கா தன் மூட்டுவலியைப் பற்றி ஜெபித்தார். தங்கை தன் கணவரின் குறட்டையைப் பற்றி ஜெபித்தாள். சுற்றிலும் நாற்காலிகளை மடித்து அடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அக்கா கைகளைப் பிசைந்தார். "ஆண்டவரே, வியாழக்கிழமை நான் ஆஸ்பத்திரிக்கு வந்தா இவ முகத்தைத் திருப்பிக்குவாளான்னு கேட்டுச் சொல்லும்."

அக்கா வாழ்க்கையில் முதல் தடவையாக ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறந்தார். தங்கை ஏற்கெனவே கண்ணைத் திறந்து அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரை ஏன் நடுவுல இழுக்கிற? என்கிட்ட கேளேன்."

"வியாழக்கிழமை வரட்டுமா?"

"வியாழன் வரைக்கும் நான் என்ன பண்றது?" என்றாள் தங்கை. "இன்னைக்கே வாக்கா. எனக்குப் பயமா இருக்கு."

எத்தனையோ கட்டிலருகே எத்தனையோ ஆறுதல் சொன்னவருக்கு ஒரு வசனமும் வாயில் வரவில்லை. தங்கையின் கைப்பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். "எந்திரி, போகலாம்," என்றார்.