ஸ்டோரில் காது பார்த்த ஞாயிறு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் செவிடு என்று யாருமே கிடையாது. காது கேட்காதவர்கள்தான் வீட்டுக்கு ஒருவர் இருந்தார்கள். பக்கத்துக் காம்பரா வீட்டுப் பெரியம்மாவுக்குத் தலைக்கனம், கூப்பிட்டால் திரும்பமாட்டாள். மேல் லயத்து வரிசை வீட்டுச் சித்தப்பாவுக்கு எந்நேரமும் பராக்கு. எங்கள் அப்பாவுக்கு யோசனை அதிகம் என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள். இந்தச் சங்கதி தன் வீட்டில் மட்டுந்தான் என்று நினைத்து ஒவ்வொரு வீடும் அதை மூடி மூடி வைத்தது. இப்போது எனக்கே வலது காது மந்தம். காது டாக்டரின் அறைக்கு வெளியே காத்திருக்கும் கூட்டத்தைப் பார்க்கும்போதுதான், இது தலைவலி காய்ச்சல் போல எத்தனை சாதாரணம் என்று தெரிகிறது.

அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அதை ஸ்டோர் என்போம். கொழுந்தை அரைக்கும் ரோலர்களின் இரைச்சலில் அங்கே யாரும் வாயால் பேசுவதில்லை; எல்லாம் கைச்சாடைதான். ஒருநாள் பக்கத்திலிருந்தவர்கள் கத்தியது கேட்காமல் ஒருவரின் விரல்கள் ரோலரில் மாட்டிக்கொண்டன. காது கேட்காதவன் ஒருவனும் ஸ்டோரில் இருக்கக்கூடாது, மலைக்குப் போய் முள்ளுக் குத்தி மண்ணைக் கிளறட்டும், தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டட்டும் என்று தோட்டத்துத் துரை உத்தரவு போட்டுவிட்டார். அப்பாவுக்கோ எப்போதோ முறிந்து கோணலாகப் பொருந்திய கால். மலைச் சரிவில் அந்தக் காலால் ஒரு மணி நேரம் நிற்க முடியாது. ஸ்டோர் வேலை போனால் எங்கள் பாடு அவ்வளவுதான்.

ரோலர்கள் ஓடாத ஞாயிற்றுக்கிழமை பார்த்து, தோட்டத்து டாக்டரய்யா காது சோதிக்க ஸ்டோருக்கு வந்தார். அம்மா என்னையும் அப்பாவுடன் அனுப்பினாள். அப்பாவின் பெயரைக் கூப்பிட்டதும் அவர் கையைக் கிள்ள வேண்டும் என்பது எனக்கு இட்ட கட்டளை. யோசனை அதிகமுள்ளவரை அப்படித்தானே எழுப்ப வேண்டும் என்று நானும் தலையாட்டினேன்.

டாக்டரய்யாவிடம் சங்கிலி போட்ட பழைய கடிகாரம் ஒன்று இருந்தது. கூட்டம் சேரும்வரை அதை என் காதில் வைத்து வேடிக்கை காட்டினார். உள்ளே யாரோ அரிசி புடைக்கிற மாதிரி சத்தம் வந்தது. எனக்கு ஒரே சிரிப்பு.

ஆள் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். டாக்டரய்யா பின்னாலிருந்து கடிகாரத்தைக் காதுக்குப் பக்கத்தில் பிடிப்பார். கேட்டால் சொல்ல வேண்டும். முதலில் போனவர் கெட்டிக்காரர். கடிகாரச் சங்கிலி தோளில் உரசும்போது சொன்னால் போதும் என்று கண்டுபிடித்து, வந்த கையோடு மற்றவர்களுக்குச் சாடையில் காட்டிவிட்டார். பிறகென்ன, ஆளுக்கு ஆள் "கேக்குதுங்க, கேக்குதுங்க" என்று தேறினார்கள். நான் கிள்ளியதும் அப்பாவும் போனார். சங்கிலி உரசியது. "நல்லாக் கேக்குதுங்க" என்றார் கொஞ்சம் கூடுதலாகவே.

ஸ்டோருக்குப் பெரியவரான டீமேக்கர் ஐயாவுக்கு மட்டும் சந்தேகம். ஒருத்தனுக்குக்கூடவா மந்தமில்லை என்று முணுமுணுத்தார். டாக்டரய்யாவுக்கு ரோசம் வந்துவிட்டது. "இந்தச் சத்தம் சின்னப் புள்ளைக்கே கேக்குமுங்க" என்று என்னை இழுத்துக் கடிகாரத்தைக் காதில் வைத்தார்.

ஒரு சத்தமும் இல்லை.

"கேக்கல" என்றேன். வரிசையில் நின்றவர்கள் முகம் வெளிறிவிட்டது. டாக்டரய்யா கடிகாரத்தைத் தம் காதில் வைத்துப் பார்த்தார். டீமேக்கர் ஐயா அதை வாங்கித் தம் காதிலும் வைத்தார். ரோலர்களோடு அவரும் எத்தனையோ வருடம் இருந்தவர். "நல்லாத்தானே ஓடுது" என்றார். டாக்டரய்யாவும் ஆமாம் போட்டார். "அது ஓடல" என்று நான் சொன்னதை ஒருவரும் சட்டை செய்யவில்லை. அத்தனை பேரும் தேறிய அன்றைக்கு எனக்கு மட்டும் காது மந்தம் என்று முடிவாயிற்று. காதில் விட ஒரு போத்தல் மருந்தும் கிடைத்தது.

திரும்பும் வழியில் அப்பா மருந்துப் போத்தலையே பார்த்துக்கொண்டு வந்தார். வேலை தப்பிய சந்தோஷம் முகத்தில் துளியும் இல்லை. பாதை வளையும் இடத்தில் என்னை நிறுத்தி, நோகிற காலை மடக்கி என் முன்னால் குந்தினார். கண் கலங்கியிருந்தது.

"பயப்படாத தாயி. அப்பாவுக்கும் கேக்காது. ரொம்ப வருசமாவே கேக்காது. ஒங்கம்மாவுக்கே தெரியாது. பேசுறவங்க வாயப் பாத்துக்கிட்டே இரு. அவங்க சிரிச்சா நீயும் சிரிச்சிரு. ஒருத்தருக்கும் தெரியாது."

எனக்குப் பல் விழுந்தபோது தன் பல்லும் ஆடுகிறது என்று சொன்னவர் அப்பா. இதுவும் என்னைத் தேற்றச் சொல்கிற பேச்சுத்தான் என்று எடுத்துக்கொண்டேன். அவர் என் தலையைத் தடவிவிட்டு எழுந்து, முன்னால் விந்தி விந்தி நடந்தார்.

"அப்பா, எனக்கு நல்லாக் கேக்குதுப்பா. கடிகாரந்தான் ஓடல" என்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னேன். அவர் திரும்பவில்லை. இன்னும் உரக்கச் சொன்னேன். அப்போதும் திரும்பவில்லை. என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்து, அதற்குமேல் வாயைத் திறக்காமல் பின்னாலேயே நடந்தேன்.