அவர் காலடியில் தேங்கிய நீர்

என் கணவர் நில அளவையாளராக இருந்தவர். குடாநாட்டின் பாதி வேலிகளை நடந்தே அளந்தவர். நீரிழிவு அந்தக் கால்களின் உணர்வைத்தான் முதலில் எடுத்துக்கொண்டது. செருப்பைத் துளைத்து ஏறிய ஆணியோடு ஒரு முழு முற்பகலும் வீட்டு வளவுக்குள் நடமாடியிருக்கிறார். தரையில் இரத்தத்தைக் கண்ட பிறகே எங்களுக்குத் தெரிந்தது. வலது பாதத்தின் அடியில், பெருவிரலுக்குச் சற்றுக் கீழே, அந்தத் துளை ஆறாத புண்ணாகி நின்றது.

"தண்ணி படக்கூடாது. வேறை ஒண்டும் நான் கேக்கேல்லை," என்றார் வைத்தியர். புண் ஆறினால் கால் தங்கும், ஆறாவிட்டால் எடுக்க வேண்டிவரும் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

திங்களும் வெள்ளியும் கட்டு மாற்றும் நாட்கள். கொக்குவிலிலிருந்து கிளினிக்குக்கு எங்கள் பழைய காரை நானே ஓட்டிச் செல்வேன். வெள்ளிக்கிழமைகளில் கட்டு முடிந்ததும் தொண்டைமானாற்றுக்குப் போவோம். அந்தக் காலுக்காக அங்குள்ள சந்நிதி முருகனிடம் நான் ஒரு நேர்த்தி வைத்திருந்தேன். அவருக்குக் கோவிலில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அவரை வீட்டில் தனியே விட எனக்கு மனம் வரவில்லை. கோவில் வெளியில், எஞ்சினை ஓடவிட்டு, ஏ.சி.யின் குளிரில் பத்திரிகை வாசித்தபடி அவர் காத்திருப்பார். அருச்சனை முடிந்து திரும்பும் நான், திருநீற்றையும் பூவையும் முன்கண்ணாடியின் அடியில், வைப்பர் படுத்திருக்கும் பள்ளத்தில் வைப்பேன். வாகனம் வைத்திருக்கும் பலரும் எங்களூரில் செய்வதுதான்.

"உம்மடை முருகனிட்டை லைசென்ஸ் கிடக்கோ? முன்னுக்கு ஏத்திறீர்."

"பக்கத்திலை இருந்து நொட்டை சொல்லுற ஆளை விட அவருக்கு வழி தெரியும்."

அந்த நாட்களில் எங்களிடம் எஞ்சியிருந்த சிரிப்பு அவ்வளவுதான்.

மூன்றாம் வாரத்துத் திங்கட்கிழமை, கட்டை அவிழ்த்த தாதி முகத்தைச் சுளித்தார். உள்ளே பஞ்சு ஊறி, புண்ணின் ஓரம் வெளுத்திருந்தது.

"அம்மா, ஐயாவைக் குளிக்க வாக்கிறியளோ? எத்தினை தரம் சொன்னனான்?"

"இல்லைப் பிள்ளை, துடைச்சுத்தான் விடுறனான்."

"அப்ப ஐயா களவாக் குளிக்கிறார்," என்றார் தாதி. அது பகிடிதான். ஆனால் என் மனதில் அது பகிடியாக நிற்கவில்லை. அறுபது வருடங்களுக்கு மேலாக விடியற்காலையில் கிணற்றடியில் அள்ளிக் குளித்த மனிதர் அவர். அது இல்லாமல் தனக்கு நாள் விடியவில்லை என்று அடிக்கடி சொல்லுவார். அடுத்த வெள்ளி, கோவிலிலிருந்து வந்து நான் சமையலறைக்குள் போய்த் திரும்பியபோது, சிமெந்துத் தரையில் ஒற்றைக் காலின் ஈரத்தடம் கிடந்தது.

"இஞ்சாருங்கோ, கிணத்தடிக்குப் போனீங்களோ?"

"இல்லையப்பா."

"அப்ப இந்த ஈரம் எங்காலை வந்தது?"

"எனக்கென்ன தெரியும்? என்ரை கால் என்னோடை கதைக்கிறேல்லை."

நான் நம்பவில்லை. அன்று மாலையே கிணற்றடிக்குப் போகும் பின்கதவைப் பூட்டித் திறப்பை என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பதாண்டு வாழ்வில் அவரிடமிருந்து நான் எதையும் பூட்டி வைத்தது அதுவே முதல் தடவை. கதவு பூட்டியே கிடந்தது. ஆனாலும் அடுத்தடுத்த திங்கட்கிழமைகளில் கட்டு ஊறியே இருந்தது. வேறு திறப்பு ஒன்றை எங்கோ ஒளித்துவைத்திருக்கிறார் என்று எண்ணி, அவருடைய மேசை லாச்சிகளையும் தேடினேன். எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

பின்னொரு வெள்ளி, கோவில் வெளியில், காருக்குள் அவருடைய கிளினிக் அட்டை கை நழுவிக் கீழே விழுந்தது. எடுத்துக் கொடுக்கக் குனிந்தேன். விரல்கள் நீருக்குள் போயின. விளிம்பு உயர்ந்த கறுப்பு இறப்பர் விரிப்பில், நிறம் தெரியாமல், கணுக்கால் நனையாத ஆழத்தில் நீர் தேங்கி நின்றது. அதற்குள் அவருடைய வலது கால் இருந்தது. புண்ணுக்கென்று வாங்கிய மெத்தென்ற செருப்பு, பஞ்சைப் போல அத்தனையையும் உறிஞ்சியிருந்தது. மேலே கட்டு வெள்ளையாக, காய்ந்தே தெரிந்தது.

அவர் பத்திரிகையிலிருந்து கண்ணை எடுத்து, "என்ன?" என்றார்.

கார் ஏ.சி. திருத்துபவர் ஒருவர் நகரோரத்தில் கராஜ் வைத்திருந்தார், மீனவர் ஊரான குருநகர்க்காரர். நான் ஆசிரியையாக இருந்தது அவருக்குத் தெரியும். விரிப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ரீச்சர், உள்ளுக்கை கடலெல்லோ வைச்சிருக்கிறியள். ரெண்டு மீனை விட்டிருந்தால் நாங்கள் பிடிச்சிருப்பம்," என்றார். நான் சிரிக்காததைக் கண்டு குரலைத் தணித்துக்கொண்டார்.

"கார் நிண்ட இடத்திலை, நிலத்திலை, ஈரம் கண்டனீங்களோ?"

"இல்லை." மற்றவர்களின் வாகனங்கள் சொட்டுவதைப் பார்த்து, எங்களுடையது சொட்டுவதில்லை என்று பெருமைப்பட்டதும் உண்டு.

"அதுதான் பிழை. குளிரிலை ஊறுற தண்ணி ஒரு குழாயாலை வெளியிலை போகவேணும். அது அடைச்சால் உள்ளுக்கைதான் வடியும்."

டாஷ்போர்ட்டின் கீழே படுத்து, மெல்லிய கம்பியொன்றைக் குழாய்க்குள் விட்டு இழுத்தார். கறுத்த நீர் ஒரு பேசின் நிறைய வந்தது. அதன் பின்னால் விரல் நீளத்தில் ஒரு கட்டி. அவர் அதைப் பழைய பத்திரிகைத்தாளில் வைத்துப் பிரித்தார். அழுகிய இதழ்கள், அறுகம்புல், பூக்காம்புகள், எல்லாவற்றையும் சாந்து போல இறுக்கியிருந்த திருநீறு. கண்ணாடியின் அடியில் இருக்கும் காற்றுத் துவாரத்தால் மழையோடு உள்ளே இறங்கியவை. தடுத்திருக்க வேண்டிய வடிகட்டியை எவரோ எப்போதோ கழற்றிவிட்டிருந்தார்கள்.

"கோயில் பூ போலக் கிடக்கு. நான் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போறவன், எறிஞ்சால் பிழையாப் போகும். நீங்களே கொண்டுபோங்கோ ரீச்சர்," என்று தாளை மடித்து என் கையில் தந்தார்.

திருத்த ஒரு மணித்தியாலமும் ஆகவில்லை. காலுக்கு அதற்குள் காலம் கடந்திருந்தது. நஞ்சு எலும்பைத் தொட்டுவிட்டது என்றார்கள். முதலில் இரண்டு விரல்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே முழுவதும்.

ஆஸ்பத்திரி வாட்டில் அவருக்குச் சற்றுத் தெளிவு வந்த பின்னேரம், எல்லாவற்றையும் சொன்னேன். அடைத்தது என்னுடைய பூ என்பதையும் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"பூவிலை என்ன பிழை? அரை மணித்தியாலம் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு சொகுசா இருந்தது ஆர்? நான்தானே. உம்மடை ஆளிலை பழி போடாதையும்."

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அதே குரலில், கோபமில்லாமல் அவர் சொன்னார்:

"ஆனால் நான் கிணத்தடிக்குப் போகேல்லை. அதைத்தான் நீர் நம்பேல்லை."

 

வீட்டுக்கு அழைத்துவந்த நாளில் கார் சரியாகவே சொட்டியது. முற்றத்துச் செம்மண்ணில் சிறிய ஈரவட்டமொன்று விழுந்திருந்தது. அவர் ஊன்றுகோலை அதில் படாமல் விலக்கி ஊன்றி உள்ளே வந்தார். கதிரையில் இருக்கவில்லை. நேரே பின்கதவுக்குப் போய் அதன் முன்னால் நின்றார்.

"இனித் திறந்துவிடலாம்தானே?"

கைப்பைக்குள் திறப்பைத் தேடி எடுத்துத் திறந்தேன். கிணற்றடி முப்பது அடி தூரம்கூட இராது. அவர் தூரங்களைப் பார்த்தே அளந்துவிடக் கூடியவர். நிலையைப் பிடித்தபடி அந்தத் தூரத்தைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஊன்றுகோலைத் திருப்பி உள்ளே வந்தார்.